நாற்றம் என்று சொன்ன வீடு

எங்கள் வீட்டுச் சுவர்கூட நாறும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிக்குப் பின்புறம் வீடு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் பச்சைத் தோல், சுரண்டிப் போட்ட கொழுப்பு, ஆவாரம்பட்டைத் தண்ணீர்... அந்தக் காற்றில்தான் சோறு தின்றோம். அண்ணனுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையில் வாடை போகாது. அவன் குடித்த சொம்பிலும் அது இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதானே எங்களுக்குச் சோறு போட்டது.

போன வாரம் தோழிகள் சேர்ந்து உட்கார்ந்தபோது, "அந்தக் காலத்துல பொம்பளைங்க வீட்டுலயே சுலபமா பெத்துப் போட்டாங்க" என்று பெருமை பேசினீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போது வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் அண்ணன் மனைவி பெயர் முனியம்மா. அணைக்கட்டுப் பக்கத்துப் பெண். தாய் இல்லாதவள், அதனால் தலைப்பிரசவமும் எங்கள் வீட்டில்தான். அவளுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினான்கு. வந்த நாளிலிருந்து தினமும் எனக்குத் தலை பின்னி விட்டவள் அண்ணிதான்.

வலி எடுத்து மூன்று நாள் ஆயிற்று. மருத்துவச்சி முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

"புள்ள சிக்கிக்கினு கீது. இது என் கையில இல்ல. வேலூர்ல பொம்பள டாக்டரு கீறாங்க, ரயில் ஏத்துங்க."

அம்மா கேட்கவில்லை. "ஆஸ்பத்திரின்னா கத்தி வைப்பாங்க. நான் எட்டு பெத்தேன், எவ வந்து அறுத்தா?"

அண்ணன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "அம்மா சொல்றதுதான்" என்றான்.

எட்டுப் பெற்றதில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். அதை அன்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பிள்ளைக்கு வழி கிடைக்கும் என்று வீட்டிலிருந்த பெட்டி, பூட்டு, பானை மூடி எல்லாவற்றையும் திறந்து வைத்தார்கள். எண்ணெய் ஜாடியைக்கூட நான்தான் திறந்து வைத்தேன். ரயிலடிக்குக் கொண்டுபோக வண்டி மட்டும் வரவில்லை.

நாலாம் நாள் பிறந்தது. ஆண் பிள்ளை. உயிர் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணிக்குச் சிறுநீர் நிற்கவே இல்லை. உட்கார்ந்தால், எழுந்தால், தூங்கினால்... சொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளை அத்தனை நாள் அழுத்தியதில் உள்ளே புண்ணாகி ஓட்டை விழுந்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. பிள்ளையை முழுங்கினவளுக்குச் சாமி கொடுத்த தண்டனை என்றாள் அம்மா. அண்ணி பழம்புடவையைக் கிழித்துக் கட்டிக்கொள்வாள், துவைப்பாள், ஈரம் காய்வதற்குள் மறுபடி கட்டிக்கொள்வாள். தொடையெல்லாம் வெந்துபோயிருந்தது.

ஒரே மாதத்தில் அண்ணன், "நாத்தம் தாங்கல" என்றான்.

யார் சொன்னது? முழங்கால் வரை சுண்ணாம்பில் நின்று செத்த மாட்டின் தோலைச் சுரண்டுகிறவன்! அவன் மூக்குக்குத் தாங்கவில்லையாம்! இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆவாரம்பட்டை மூட்டை அடுக்கும் கொட்டகைக்கு அவளைத் தள்ளினார்கள். அம்மா அண்ணனுக்கு வேறு பெண் தேட ஆரம்பித்தாள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு நாள் கஞ்சி குடிக்க அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிண்ணத்தோடு எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவள் என் தலையைத் தொடவில்லை.

மருத்துவச்சிதான் கொட்டகைக்கே வந்து, "இத தெச்சுடலாமாம்டி, அந்த டாக்டரம்மாகிட்ட போ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினாள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் அவளை இறக்கி விட்டார்கள்.

அவள் வீட்டுக்கு வரவில்லை, டேனரி வாசலுக்கு வந்தாள். வேலூருக்குப் பச்சைத் தோல் எடுக்கப் போகும் மாட்டு வண்டி அங்கே நின்றது. குழாயடியில் குடத்தோடு நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"என் மேல நாத்தம் அடிக்கும் பாய்..."

வண்டிக்காரர் காதர் பாய் சிரித்துவிட்டார். "என் வண்டிலயா? இதவிட ஜாஸ்தி நாத்தம் ஒன்னால ஆவாது. ஏறும்மா."

அத்தனை பெரிய ஊரில் அவளுக்கு இடம் கொடுத்தது அந்தத் தோல் வண்டி ஒன்றுதான். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தைத்தார்கள். நின்றது. சேதி தெரிந்ததும் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூப்பிடப் போனான், தனியாகத் திரும்பினான். என்ன நடந்தது என்று அவன் சொல்லவே இல்லை. அண்ணி அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

நாலு வருஷம் கழித்து, வேலூர் லாங் பஜார் பக்கம் வாழ்க்கைப்பட்ட எனக்கு வலி எடுத்தது. என் மாமியார் ஒவ்வொரு பெட்டியாகத் திறக்க ஆரம்பித்தார். "பெட்டிய மூடுங்க... வண்டிய கூப்புடுங்க!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டதாம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. என் கட்டில் முழுக்க ரத்தம், மூத்திரம். அதைத் துடைத்துக்கொண்டிருந்தது அண்ணி. அவள் மூக்கைப் பொத்தவில்லை.

அன்று கூப்பிட வந்த அண்ணனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வூட்டுக்கு வான்னாரு. போய் குளிச்சிட்டு வாங்க, பேசலாம்னேன்."

"அண்ணி... அன்னிக்கு நான் எழுந்து போனேனே..."

"தெரியும். திரும்பு, சிக்கு ஜாஸ்தியா இருக்குது" என்று சீப்பை எடுத்தாள்.

இப்போது ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ் ஓடுகிறது, ஆஸ்பத்திரியும் பெரிதாகிவிட்டது. ஆனாலும் போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து இரண்டாம் நாள், வீட்டில் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் வண்டி வந்தது.

சுலபமாகப் பெற்றுப் போட்டார்களாம்! இனிமேல் அந்தப் பேச்சை எடுப்பவர்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டாம். எழுந்து போய்விடுவேன்.