நாகசுரத்தின் அடியில்

இறந்துபோன நண்பருக்கு மிகவும் பிடித்த இசை எது என்பதை அவருடைய படத்திறப்பில் இன்னொரு நண்பன் எடுத்துச் சொல்லப்போகிறான் என்று கேள்விப்பட்டபோதே எனக்குக் கோபம் மூண்டுவிட்டது. இந்த வயதில் கோபம் உடம்புக்கு ஆகாது என்கிறார் மருத்துவர். இதை எழுதி முடிக்கும்வரை அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் மூவரும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் வரலாறு. காலமானவர் தாவரவியல், திருவாரூருக்குத் தெற்கே ஒரு சேரியில் பிறந்து, அரசு விடுதிகளில் தங்கிப் படித்து, விரிவுரையாளராக வந்தவர். மூன்றாமவன் கணிதம், வெண்ணாற்றங்கரையில் பத்து வேலி நிலமுள்ள மிராசுதார் வீட்டுப் பிள்ளை. எழுபதுகளின் கடைசியில், ஞாயிறு பிற்பகல்களில், மேல வீதியில் நான் குடியிருந்த வாடகை வீட்டில் கூடுவோம். நாகூரில் வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒன்று என்னிடம் இருந்தது, கணிதக்காரன் வீட்டிலும் ஒன்று.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. வாரம் ஒருவர் தமக்குப் பிடித்த ஒன்றைக் கேசட்டில் கொண்டுவருவார். அது ஒலித்து முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. தொடையில் தாளம் போடவும் கூடாது. பிறகு அடுத்தவர் அந்தக் கேசட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுபக்கத்தில் தமக்குப் பிடித்ததைப் பதிந்து மறுவாரம் கொண்டுவர வேண்டும். கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. நாங்கள் உடைத்ததில்லை. உடைப்பது நண்பர்களை நம்பாததற்கு அடையாளம் என்று எண்ணினோம். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கணிதக்காரனும் நானும் ஒருவரையொருவர் "வாய்யா, போய்யா" என்போம். தாவரவியல்காரரை மட்டும் இருவருமே "சார்" என்றுதான் அழைத்தோம். அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "என்னயும் ஒரு தடவ 'யோவ்'னு கூப்பிட்டுப் பாருங்களேன், நாக்கு ஒண்ணும் சுட்டுடாது" என்றார். நாங்களும் சிரித்தோம். கூப்பிடவில்லை. மரியாதையைக்கூட வேலியாக நட முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது என்று எழுதலாம். தெரியும்.

அது கூலிப் பிரச்சினை முற்றிய வருடம். அறுவடைக்கு ஆள் இறங்காமல் பல ஊர்களில் கதிர் தரையோடு சாய்ந்து கிடந்தது. வரப்புகளில் செங்கொடிகள், சாலை முனைகளில் போலீஸ் வேன்கள். நிலம் உழுபவர்களுக்கே என்று மேடைகளில் முழங்கியவர்கள், மேடையை விட்டு இறங்கியதும் மிராசுதார் வீட்டில் சாப்பிட்டார்கள். கணிதக்காரனின் அப்பா வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுத்தார். என் குடும்பத்துக்கும் ஒரு வேலி நிலம் இருந்தது. நாங்களும் அப்படித்தான் அறுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. இசை எங்களை ஒன்றுசேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்கள் வாயை அடைக்கத்தான் அது பயன்பட்டது.

அந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, தாவரவியல்காரர் வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே வந்தார். கையில் ஒரு கேசட். முந்திய சம்பா நடவின்போது என்னுடைய டேப் ரெக்கார்டரை ஒருநாள் இரவல் வாங்கிப்போய், வரப்பில் உட்கார்ந்து பதிந்தது. நடவுப் பெண்களின் பாட்டு. முன்னெடுத்துப் பாடியவர் அவருடைய அம்மா. அந்தத் தை மாதத்தில்தான் அம்மா இறந்திருந்தார். சாவுக்கு நாங்கள் இருவருமே போகவில்லை. கல்லூரியில் துக்கம் விசாரித்ததோடு சரி.

"அம்மா குரல் வேற எதுலயும் இல்ல சார். இந்தத் துண்ட உடைச்சுடலாமான்னு பாக்குறேன்" என்றார்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நமக்குள்ள அது எதுக்கு சார்?"

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த பேனாக் கத்தியை மடக்கி மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார்.

கணிதக்காரன் வந்ததும் கேசட்டைப் போட்டோம். முதல் இரண்டு நிமிடம் காற்று, வாய்க்கால் மடையில் தண்ணீர் விழும் ஓசை, யாரோ நாற்றுமுடி கேட்டுக் கூப்பிடுவது. பிறகு அந்தக் குரல். கட்டையான குரல், குனிந்தபடியே பாடுவதால் ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு இறுகும். அந்த இறுக்கத்தை மற்றப் பெண்கள் வாங்கி, அடுத்த அடியாக விரித்தார்கள். வரப்பில் குடைபிடித்து நிற்கும் பண்ணைக் காரியக்காரரைப் பார்த்து, கொஞ்சம் கீழே இறங்கிச் சேற்றின் ஆழத்தைத்தான் பார்த்துவிட்டுப் போங்களேன் என்று அழைக்கும் பாட்டு. நடுவில் ஒரு சிரிப்பொலி. காரியக்காரர் முறைத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் நான் என் படிப்புக்குத் தகுந்தபடி, இது பாதுகாக்கப்பட வேண்டிய சமூக ஆவணம் என்றேன். கணிதக்காரன், "நல்லாருக்கு சார். சரி, பாட்ட எப்ப போடுவீங்க?" என்றான். நான் சிரித்துவிட்டேன். தாவரவியல்காரரும் சிரித்தார். முறைப்படி கேசட்டைக் கணிதக்காரன் எடுத்துக்கொண்டு போனான். பாடியவர் யார் என்று அவனிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுவாரம் அவன் ஒரு கோயில் திருவிழாவில் பதிந்த தோடி ஆலாபனையுடன் வந்தான். நாகசுரம். அரைமணி நேரம். அற்புதமான வாசிப்புதான், அதை மறுப்பதற்கில்லை. முடிந்தபின் தாவரவியல்காரர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். ஓசையே இல்லை. நாடா சுற்றும் இரைச்சல் மட்டும் கேட்டது. கணிதக்காரன் நெற்றியைச் சுருக்கினான்.

"மொதப் பக்கத்துலதான் பதிஞ்சேன். அது ஏதோ மெஷின டெஸ்ட் பண்றதுக்காகப் புடிச்சதுன்னு நெனச்சேன் சார். உங்க பாட்டு அடுத்த பக்கத்துல இருக்கும்னு அத விட்டுட்டேன்."

தாவரவியல்காரர் கேசட்டை வெளியே எடுத்தார். லேபிளில் அவர் எழுதியிருந்த 'அம்மா' என்ற சொல்லின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, கணிதக்காரன் தன் அழகான கையெழுத்தில் 'தோடி' என்று எழுதியிருந்தான். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்ல சார். நல்ல தோடி" என்றார்.

நான் எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

கோயில் சுவர்களில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நிலதானக் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுத்துத் திரிந்தவன் நான். எந்த மன்னன் எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே எவ்வளவு நிலம் கொடுத்தான் என்பதில் ஓர் எழுத்து சிதைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அந்த நிலத்தில் நட்டவளின் குரல் ஒரே ஒரு பிரதியாக என் மேசைமேல் இருந்தது. அதற்கிருந்த காவலையும் ஒரு வாக்கியத்தில் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

கணிதக்காரன் வேண்டுமென்றே அழித்திருந்தால் ஒருவேளை என் கோபம் இத்தனை ஆண்டு நீடித்திருக்காது. வேண்டுமென்று அழிப்பவன் முதலில் கேட்டிருக்க வேண்டும். இவன் அரைமணி நேரம் என் எதிரில், விதிப்படி வாய்மூடி உட்கார்ந்திருந்தான். அவன் காதில் எதுவுமே விழவில்லை.

சென்ற மாதம் தாவரவியல்காரர் காலமானார். படத்திறப்பன்று காலையில் அவர் மகள் என் வீட்டுக்கு வந்தாள். வங்கியில் வேலை, சுருக்கமாகப் பேசுகிற பெண். கையில் அந்தக் கேசட். கணிதக்கார மாமா இதைக் கூட்டத்தில் போடக் கேட்டிருப்பதாகச் சொன்னாள்.

"அப்பா இத முழுசாக் கேட்டு நான் பாத்ததே இல்ல பெரியப்பா. கடைசிக்கு ஓட்டிவிட்டு, அர நிமிஷம் மட்டும் கேப்பாரு. நாகசுரம் முடிஞ்சப்பறம் யாரோ பொம்பளைங்க பாடுறாங்க. கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டாரு. யாரு அது?"

ஆலாபனை அந்தப் பக்கம் முழுவதையும் நிரப்பவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது உங்க அப்பாயி என்றேன். மற்றதையும் சொன்னேன், என் வாக்கியம் உட்பட. அவள் அழவில்லை. என்னையும் அழவிடாத ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேசட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாலையில் கூட்டம். படத்துக்கு மாலை. கணிதக்காரன் நன்றாகவே பேசினான். அவன் துக்கம் நடிப்பல்ல. நாற்பது வருடத்துக்குமேல் அவர் பிரியாமல் வைத்திருந்த உருப்படி இது, தன்னிடமிருந்து அவருக்குப் போனது என்று சொல்லி, மகள் கொண்டுவந்து கொடுத்த கேசட்டில் தோடியின் கடைசிப் பகுதியைப் போட்டான். நாகசுரம் இறங்கி வந்து நின்றது. கை தட்டினார்கள். நிறுத்தும் பொத்தானை நோக்கி அவன் விரல் போயிற்று.

"கைய எடுய்யா" என்றேன். மைக்கில் விழுந்தது. "இதுக்கு அடியில அவரோட அம்மா பாடிக்கிட்டிருக்காங்க. நீ மேல பதிஞ்சது போக மிச்சம் இவ்வளவுதான்."

அரை நிமிடம். சேறு எவ்வளவு ஆழம் என்று கேட்கிற இடம். கேள்வி முடியுமுன் நாடா தீர்ந்துவிட்டது. அவர் மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

கூட்டம் கலைந்தபின் கணிதக்காரன் என்னிடம் வந்தான். "எனக்குத் தெரியாதேய்யா. அவரு அன்னிக்கே சொல்லிருக்கலாமே" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. நான் கேசட்டை இயந்திரத்திலிருந்து எடுத்தேன். வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்தேன். இப்போதாவது அதன் முனையால் அந்தத் துண்டை உடைத்து மகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தேன்.

திருப்பிப் பார்த்தேன். இரண்டு துண்டுகளுமே இல்லை. தாவரவியல்காரர் கத்தியால் நேராக, சுத்தமாக எடுத்திருந்தார். வெட்டிய விளிம்பில் பல வருடத்து அழுக்கு படிந்திருந்தது.

அந்த மாசி மாதத்துக்குப் பிறகும் பதினோரு வருடம் அவர் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்திருந்தார்.