மூடி பறந்த மிக்சி

டிவியில் பொருள் விற்பது ஏதோ நேற்று வந்த வித்தை என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும். எண்பதுகளின் கடைசியிலேயே போடியில் நான் அதைச் செய்து முடித்துவிட்டேன்.

எங்களுக்கு பஜாரில் மிக்சி, குக்கர் விற்கிற கடை. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருக்களுக்கு ஒயர் இழுத்து, டிவி வைத்திருந்த வீடுகளுக்குச் சாயங்காலம் கேசட்டில் படம் போடுவார். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நான். கல்யாண வீடுகளில் படம்பிடிக்கிற கேமராவை வாடகைக்கு எடுத்துக் கடைக்குள் நிறுத்தி, மிக்சியில் சட்னி அரைப்பதை அந்த ஒயர் வழியாக நேரடியாகவே காட்டுவேன். என் வாய் கொஞ்சம் நீளம். அது வீட்டுக்கு உபயோகப்பட்டது அப்போதுதான்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே பெண்கள் வந்து நிற்பார்கள். ஆனால் பெட்டியில் இருக்கும் புது மிக்சியைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். "நேத்து டிவியில அரைச்சீகளே, அதக் குடுங்க" என்பார்கள். ஏலக்காய் வாங்கி விற்றுப் பழகிய ஊர். அள்ளி முகர்ந்து பார்த்த மூட்டையைத்தான் தூக்குவார்கள். அதனால் தினமும் ஒரு மிக்சியைப் பிரித்து அரைத்தேன், அதுவும் விற்றது. கோயிலில்கூட 'டிவி அக்கா' என்று வழிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில் ஒருநாள், கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மூடி பறந்தது. முகமெல்லாம் தேங்காய்ச் சட்னி. பக்கத்து வீடுகளில் சிரித்த சத்தம் கடைக்குள்ளேயே கேட்டது.

வீட்டுக்காரருக்கு அவமானம் தாங்கவில்லை. "ஊரே சிரிக்குது. இனிமே நீ வரவேணாம், பழைய டேப்பையே போட்டுக்கிறேன்" என்றார்.

"சட்னி எம் மூஞ்சியிலதான பட்டுச்சு, உங்களுக்கு எங்க எரியுது?" என்று கேட்டேன்.

நான் நன்றாக அரைத்த ஒரு நாளில் கேமராவில் பதிவாகியிருந்த டேப் தினமும் ஓடியது. வீட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துப் பல்லைக் கடித்தேன். வியாபாரம் படுத்தது. படத்தை மட்டும் பார்த்தார்கள். கடைசியில் வீட்டுக்காரர் கேமராவைத் திருப்பிக் கொடுத்து, ஒயரையும் சுருட்டிவிட்டார்.

அப்போது பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி கடைக்கு வந்து அவரிடம் நேராகவே சொன்னாள்: "அந்த டேப்புல வந்த மிக்சிதான் அன்னைக்கே வித்துப்போச்சே. வித்த பொருளத் தினம் காமிச்சா யாரு வருவாக? அக்காவ அரைக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை கடை வாசலில் அவரே மேசை போட்டார். யாரும் கேட்காமல் கிடந்த அந்த மூடி பறந்த மிக்சியைத்தான் நான் எடுத்து வைத்தேன். கூட்டம் சேர்ந்தது, சிலர் அப்போதே சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

அவர் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். பஜாரே பார்க்க என் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நீ பேசு" என்றார்.

சட்னி அரைபடும் முன்பே அந்த மிக்சியை ஒருத்தி கேட்டுவிட்டாள். அதை மட்டும் நான் விற்கவில்லை.