பீரோவுக்குப் போகிறவர்

மாமல்லபுரத்தில் வழிகாட்டி வேலைக்குப் பிரெஞ்சு தெரிந்தால் நல்லது என்றார்கள். அப்போது நான் அங்கே ஒரு கைவினைப் பொருள் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். மாலையில் கடை வேலை முடிந்ததும் புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறிய ஒரு டீச்சரிடம் பிரெஞ்சு வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒருநாள் அவர் ஒரு வாக்கியத்தை எழுதி, என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். நடுவில் 'பீரோ' என்ற தெரிந்த சொல் இருந்ததால் தைரியமாக எழுந்து, "அப்பா தினமும் பீரோவுக்குப் போகிறார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

"அங்க பீரோன்னா ஆபீஸ்மா. நம்ம ஊர் பீரோவுக்குள்ள போய் உங்கப்பா என்ன பண்ணுவாரு?" என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் போன பிறகு நின்று, பீரோ எப்படி ஆபீஸ் ஆனது என்று கேட்டேன். தடித்த அகராதி ஒன்றைப் பிரித்து அவர் விளக்கினார். ஆதியில் அந்தச் சொல் ஒரு முரட்டுக் கம்பளித் துணியின் பெயராம். அதை எழுதும் மேசைமேல் விரித்தார்கள். பிறகு மேசைக்கே அந்தப் பெயர் வந்தது. அப்புறம் மேசை இருந்த அறைக்கு, அலுவலகத்துக்கு. ஆங்கிலேயர்கள் இழுப்பறை வைத்த மேசையை அப்படிச் சொன்னார்கள். நம்மிடம் அது இரும்பு அலமாரியானது எந்த வழியாக என்று அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். பிறர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்மா, பிறகு அணுமின் நிலைய ஊழியர்கள் வாழும் அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில் என் கல்யாணச் சீருக்கென்று ஒரு பீரோ வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அவள் புடவைகள் கயிற்றுக் கொடியில்தான் கிடந்தன.

"துணியா? இன்னா துணி?"

"முரட்டுத் துணி. சொரசொரன்னு இருக்குமாம்."

அம்மா பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். "நான் இந்த வூட்டுக்கு வந்தப்போ என் துணிங்கள கோணிப் பையிலதான் கட்டி எடுத்தாந்தேன். உங்கப்பாவோட ஆளுங்க அதப் பாத்து சிரிச்சாங்க. உன்ன அப்டி அனுப்ப மாட்டேன்" என்றாள்.

எனக்கு அதுவரை இது தெரியாது. அந்த பீரோ என்னோடு வரக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். "அது உன்னுது. நீதான் அதுல துணி வைக்கணும்" என்றேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அச்சரப்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வேன் ஓட்டுகிறவர். பீரோ வராது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "நான் கேக்க மாட்டேன். எங்க அத்த கேக்கும். நீயே பதில் சொல்லிக்கோ" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா மினி லாரியை வரவழைத்துவிட்டாள். நான் பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"ஊரு இன்னாடி பேசும்?"

"பேசட்டும். நான் வேலைக்குப் போறேன், எனக்கு வேணும்னா நான் வாங்கிக்கிறேன்."

வாசலில் நின்ற டிரைவர், "யக்கா, நான் கெளம்பட்டுமா?" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். லாரி காலியாகத் திரும்பியது.

மறுநாள் மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: "பீரோ இன்னும் வர்ல?"

"வராதுங்க அத்தை. அது எங்கம்மாவோடது."

அவர் முகம் சுருங்கியது. என் கணவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அம்மா என்னோடு சரியாகப் பேசாமலேயே ஐப்பசி மழையும் வந்துவிட்டது. நான் பிரெஞ்சுக்காரர்கள் இருவருக்குக் கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தபோது அவளிடமிருந்து போன்.

"கூர ஒழுவுது. கொடியில கெடந்த புடவ அல்லாம் நனஞ்சிபோச்சி."

"நீ எப்டி கீற?"

"நான் நல்லாத்தான் கீறேன். அல்லாத்தையும் காயவச்சி, மடிச்சி, பீரோவுல வச்சிட்டேன்." குரலில் கோபம் இல்லை. "மேல் தட்டு காலியா கீது."

"இன்னா பண்ணப் போற?"

"இன்னா பண்றது? ரெண்டு புடவ எடுக்கணும். ஞாயித்துக்கெழம செங்கல்பட்டுக்கு வந்துரு."