நாற்பத்திரண்டு பேருக்குக் காய்ச்சல்

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் காவேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காதில் ஒயரை மாட்டிவிடுவாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாற்பத்திரண்டு பேர் பேசி அனுப்பியதைக் கேட்டாக வேண்டும், ஆளுக்கு அரை நிமிஷம். பாட்டுக் கேட்கிறாள் என்றுதான் பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். "டேய், கிளவுஸ் போட்டியா இல்லியா?" என்று அவள் திடீரென்று அதட்டும்போது துள்ளி விழுவார்கள்.

காவேரி கல்லூரி ஆசிரியை. அவள் நடத்துவது ஜெர்மன் கல்லூரி ஒன்றின் அனுமதியோடு, அதன் முறைப்படியே நடக்கும் பட்டப்படிப்பு. பாதி வாரம் ஃபேக்டரி, பாதி வாரம் வகுப்பு. ஃபேக்டரி போன நாளெல்லாம் மாணவர்கள் அன்றைக்குக் கற்றதைக் கைப்பட ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிற பிள்ளைகளா எழுதும்? முதல் வருஷம் சுபாஷ் எழுதியதை மற்ற நாற்பத்தோரு பேரும் பார்த்து எழுதினார்கள். ஒருநாள் அவன், 'இன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை' என்று எழுத, அன்றைக்கு வகுப்பு மொத்தத்துக்கும் காய்ச்சல்!

காவேரிக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நோட்டுகளைக் கட்டிப் பீரோவில் போட்டாள். "எழுதவே வாணாம். இன்னிக்கு இன்னா கத்துக்கினீங்கன்னு பஸ்ல வரும்போது போன்ல சொல்லுங்க" என்றாள்.

விதியை மீறினால் படிப்பையே மூடிவிடுவார்கள் என்று முதல்வர் சாம்சன் தலையில் அடித்துக்கொண்டார். போன மாதம் சோதனைக்கு வந்த ஜெர்மன் பேராசிரியர் முதலில் கேட்டதே நோட்டைத்தான். சாம்சனுக்கு வேர்த்துவிட்டது. காவேரி போனை மேசைமேல் வைத்து, பிள்ளைப்பாக்கம் ஃபேக்டரிக்குப் போகும் மாணவி நிலா பேசி அனுப்பியதைப் போட்டாள்.

"மேடம், மிஷின் சத்தம் இன்னிக்கு வேற மாதிரி கீது. பேரிங் போவுதுன்னு சூப்பர்வைசராண்ட சொன்னேன், நம்பல. தொறந்து பாத்தா, நான் சொன்னதேதான்!"

சாம்சன் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியர் இன்னொன்று, இன்னொன்று என்று பதினேழு கேட்டார். அப்புறம் பேனாவைத் திறந்து, இன்னும் ஐந்து வருஷம் நடத்தலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடித்த விசிலில் கட்டடமே அதிர்ந்தது. காவேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழுதாமல் பேசி அனுப்பும் இந்த முறையை அப்படியே தன் ஊர்க் கல்லூரிக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேராசிரியர் சொன்னார்.

"அப்படியேவா? அப்படியே காப்பியடிச்சா இன்னா ஆவும்னு காட்றேன்" என்றாள் காவேரி. எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து பழைய நோட்டுக் கட்டை எடுத்துவந்தாள். காய்ச்சல் பக்கத்தைத் தேடிப் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக அவர் முன்னால் அடுக்க ஆரம்பித்தாள்.