மலை ஓடையில் உப்பு

மலைமேல் உப்புப் பார்க்கிறேன் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். ஏற்காட்டுப் பக்கத்து ஊர்களில் மண்ணிலும் தண்ணீரிலும் உப்பு எவ்வளவு என்று மீட்டர் வைத்துச் சொல்வது என் வேலை. சத்தமாகப் பேசத் தெரியாமல் இப்படி ஊர் ஊராகப் போகிற வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

ஊறுகாய் பாட்டில்

மாரமங்கலம் ரோசி அக்கா, காபி நாற்றுகளின் இலை நுனி கருகுகிறது என்று, பாய்ச்சுகிற ஓடைத் தண்ணீரை ஒரு பழைய பாட்டிலில் கொடுத்தனுப்பினார். அந்த வருஷம் நட அவருக்கிருந்த நாற்று மொத்தமும் அதுதான். மீட்டர் எகிறியது. மோந்தால் எலுமிச்சை ஊறுகாய் வாசம். பாட்டிலைக் கழுவினீர்களா என்று போனில் கேட்டேன்.

"நொம்ப நல்லாக் கழுவுனேன் கண்ணு. அதே ஓடைத் தண்ணியிலதான், மூணு தரம்."

ஏற ஏற ஏறியது

நேரில் போய்ப் புது பாட்டிலில் பிடித்தேன். உப்பு குறையவில்லை. ஓடையோரமாக மேலே நடந்தேன். ஏற ஏற மீட்டரும் ஏறி, ஒரு லாட்ஜின் பின்பக்கக் குழாயில் உச்சத்தைத் தொட்டது. குழாய்க்கு மேலே தண்ணீர் சுத்தம். போர்வெல் தண்ணீரை மென்மையாக்கும் மிஷினை உப்புக் கரைசலால் கழுவி, கழிவை ஓடையில் விடுகிறார்கள். மேனேஜரிடம் மீட்டரை நீட்டினேன். அவர் என் செருப்பைப் பார்த்தார்.

"உப்பெல்லாம் கடற்கரையில இருக்கும் தம்பி. இது ஏற்காடு."

ஒரே ஒரு வரி

'இயற்கையாக வந்த உப்பு' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி போடச் சொன்னார் எங்கள் ஆபீசர். லாட்ஜிலிருந்து போன் வந்திருந்தது. "எழுத மாட்டேனுங்க சார்" என்றேன். காதில் விழவில்லை என்றார். மறுபடி சொன்னேன், அதே குரலில்.

"இவ்வளவு மெதுவாப் பேசிக்கிட்டு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுப்பா."

ரோஜாத் தோட்டம்

விஷயம் கேட்ட ரோசி அக்கா மறுநாளே மண்வெட்டியோடு லாட்ஜுக்குக் கிளம்பினார். நானும் போனேன். குழாய்த் தண்ணீரை லாட்ஜின் ரோஜாத் தோட்டத்துக்குத் திருப்ப வாய்க்கால் வெட்டினார். நானும் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு மண் அள்ளினேன். மேனேஜர் ஓடிவந்தார். "நிறுத்தும்மா, இந்தத் தண்ணி பட்டா செடி செத்துரும்."

அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ஏனுங்க, அதை அப்படியே இன்னொருக்கா சொல்லுங்க, தம்பி எழுதிக்கட்டும்."

ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினேன்; கழிவு இப்போது லாட்ஜுக்குள்ளேயே கட்டிய தொட்டியில் நிற்கிறது, நாற்றில் பாதி தப்பியது, ஆபீசில் மட்டும் மீட்டருக்குப் பதில் மண்வெட்டி கேட்டு நான் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.