பிழைச்ச கதைக்குத் தலைமை

எனக்கு அவள்மேல் பொறாமை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் இதே எரிச்சலோடுதான் இருந்திருப்பார்கள்.

வன்னியில் உள்ள ஒரு பல்கலைக்கழகப் பீடத்தில் நாங்கள் இருவரும் விரிவுரையாளர்கள். படிக்கிற காலத்தில் நான் அவளுக்கு ஒரு வருடம் மூப்பு. அதனால் அவள் என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவாள். அவளைப் பற்றி மற்றவர்களோடு கதைக்கும்போது நான் மரியாதையாக ‘அவா’ என்பேன். மனதுக்குள் மட்டும் ‘அவள்’. இங்கே மனதுக்குள் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்தது. அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பார்த்தால் இரண்டு வீடும் வெளியிலிருந்து வந்த வீடுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சொல்கிற விதம் வேறு. நாங்கள் காணி கிடைத்து வந்தனாங்கள், அவையள் போக இடமில்லாமல் வந்தவை. இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்து வைக்கிற வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றதே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிடிக்காமல் போக வேறு காரணங்களும் சேர்ந்தன. என்னுடைய விரிவுரைக்குப் பிள்ளைகள் நேரத்துக்கு வருவார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். அவளுடையது முடிந்த பிறகும் கதவடியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் மாதக்கணக்காகத் திட்டமிட்டுச் செய்கிற வேலை ஒருவருக்கும் தெரியாமல் போகும். அவள் யோசிக்காமல் செய்கிற வேலை ஊரெல்லாம் கதையாகும்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக் கலாசாரத்தையும் தலைமைத்துவத்தையும் மேம்படுத்த நிதி தருகிறார்களாம். ஒரு பீடத்திலிருந்து ஒரு விண்ணப்பம்தான் போகலாம். அதற்கு ஒரேயொரு தலைவர்தான் இருக்கலாம்.

அந்தத் தலைவர் நானாக இருக்க வேண்டும் என்று வாசித்த உடனேயே முடிவெடுத்தேன். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுதான் குறை. நிதி கிடைத்த ஒரு திட்டத்துக்குத் தலைமை வகித்தேன் என்று காட்ட எனக்கு எதுவும் இருக்கவில்லை. இந்த முறை தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது வருமென்று தெரியாது. அதற்குள் அவளும் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிற நிலைக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் ஒரே நாளில் பேராசிரியர் ஆவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பீடாதிபதி எங்கள் இருவரையும் ஆளுக்கொரு வரைவு எழுதிவரச் சொன்னார். நல்ல மனிதர், சண்டைக்குப் பயந்தவர். இரண்டையும் பார்த்து ஒன்றாக்கலாம் என்றார்.

நான் என்னுடையதை வடிவாக எழுதினேன். கொழும்பிலிருந்து பயிற்சி தர வளவாளர்கள், பயிற்சிப் பட்டறைகள், முடிவில் ஒரு மாநாடு. தலைமைத்துவ அனுபவத்தைக் காட்டு என்று கேட்ட இடத்தில் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த நிகழ்வு நடந்தாலும் அழைப்பிதழில் வரவேற்புரை, ஆசியுரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் மேலே ‘தலைமை’ என்று போட்டு ஒருவருடைய பெயர் இருக்கும். பல வருடமாக அந்தப் பெயர் என்னுடையது. பாடசாலை விளையாட்டுப் போட்டி, முன்பள்ளிக் கலைவிழா, மரநடுகை, நூல் வெளியீடு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் திறந்து வைத்தது என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போனது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே உச்சி குளிர்ந்தது.

பீடாதிபதியோடு நடந்த கூட்டத்தில் அவள் அதை வாசித்தாள். என் தலைமைகளை அடுக்கிய பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள்.

“அக்கா, நிதி தாறவை கேக்கிற தலைமை, கூட்டத்துக்குத் தலைமை தாங்கிறது இல்லைப் போல கிடக்கு” என்றாள்.

பகிடியாகச் சொல்லியிருந்தால் பதில் கொடுத்திருப்பேன். அவள் மெதுவாக, எனக்கு நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பீடாதிபதி யன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார். தலைமை என்றால் தலைமைதான் என்று சொல்லிவிட்டு நான் தாளை வாங்கி வைத்தேன்.

அவளுடைய வரைவு சின்னது. அதில் வளவாளரும் இல்லை, மாநாடும் இல்லை. புதன்கிழமை பின்னேரம் அவளுடைய ஆய்வுகூடத்தில் நடக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். அதை மற்ற ஆய்வுகூடங்களுக்கும் கொண்டுபோக வேண்டும், அதுதான் திட்டம்.

அந்தக் கூட்டம் தொடங்கிய கதை எங்கள் பீடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் பிழைத்துப்போன பரிசோதனைகளை ஒளித்து வைக்கிறார்கள், ஒருவர் விட்ட பிழையையே அடுத்தவரும் விடுகிறார் என்று அவளுக்குக் கவலை. ஒருநாள் ஆய்வுகூடக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள்: ‘புதன் பின்னேரம், பிழைச்ச கதை. எல்லாரும் வரலாம்.’ என்ன பிழைத்துப்போனது என்று வந்து சொல்லுங்கள் என்பது அவளுடைய எண்ணம்.

அந்தத் தாளை நூலகத்தில் வேலை செய்கிற ஒரு அம்மாவும் பார்த்தா. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவா. எங்கள் ஊரில் ‘பிழைச்சுப் போச்சு’ என்றால் தவறிப்போனது, ‘பிழைச்சு வந்தது’ என்றால் உயிர் தப்பி வந்தது. அவாவுக்கு அந்தத் தாள் இரண்டாவதைச் சொன்னது. புதன்கிழமை சேலை மாற்றி, லேஞ்சித் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தா. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இவ்வளவு காலமும் இருந்தனான் என்றாவாம்.

நானாக இருந்தால், அம்மா இது வேறு கூட்டம் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் அனுப்பவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்து கேட்டாள். அந்த அம்மா தான் பிழைத்து வந்த கதையைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்தது ஆர் என்று திரும்பிப் பார்த்தாவாம். அப்போது ஒரு மாணவி எழும்பினாள். தன்னுடைய கச்சான் கடலை விதையெல்லாம் அழுகிப்போனதை மாதக்கணக்காக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவள். இதுக்குப் பிறகு எனக்கென்ன வெக்கம் என்று தொடங்கி முழுவதையும் சொல்லிவிட்டாளாம்.

இதையெல்லாம் நான் அடுத்த நாள் அலுவலகத்தில் கேட்டேன். கேட்டுச் சிரித்தேன். வீட்டுக்குப் போனபோது சிரிப்பு வரவில்லை. அவளுடைய தாளைப் பிழையாக விளங்கிக்கொள்ளக்கூட ஒருத்தி சரியாக வந்து வாய்த்திருக்கிறா. என்னுடைய அறிவித்தல்களில் ஒரு எழுத்துப்பிழை இருக்காது, ஒருவரும் வரவும் மாட்டார்கள்.

அதற்குப் பிறகு புதன்கிழமை என்றால் அந்த அறை நிறைந்துவிடும். ஒரு வழக்கமும் தானாக உண்டாகியிருந்தது. யாராவது தனக்கு ஒன்றும் பிழைக்கவில்லை என்று சொன்னால், பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். “அப்ப ஒண்டும் செய்யேல்லைப் போல” என்று எல்லாருமாகச் சொல்வார்கள். சொன்னவர் சிரித்துவிடுவார், பிறகு கதை தானாக வரும். விரிவுரையாளர்களையும் அப்படித்தான் கேட்பார்களாம். பீடாதிபதிகூட ஒருநாள் அகப்பட்டு, தன்னுடைய கலாநிதிப் பட்ட ஆராய்ச்சியில் விட்ட ஒரு பெரிய பிழையைச் சொன்னாராம். நான் போகவில்லை. போனால் அவளுடைய கூட்டத்துக்குப் போனதாகிவிடும்.

அந்த வரைவை வாசித்து முடித்தபோது, இதற்குத்தான் நிதி கிடைக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்படி விளங்கியதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

ஆனால் நான் விதிகளையும் வாசித்திருந்தேன். தலைவராக இருப்பவர் சிரேஷ்ட விரிவுரையாளர்களில் முதலாம் தரத்தில் இருக்க வேண்டும். தாய் வருத்தமாகிப் படுக்கையில் கிடந்த வருடங்களில் அவளுடைய கலாநிதிப் பட்டம் பிந்திவிட்டது. அவள் இன்னும் இரண்டாம் தரம். அடுத்த கூட்டத்துக்குச் சண்டைக்கென்றே நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு போய், அந்த விதியைச் சத்தமாக வாசித்தேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. “ஓம், அப்ப அக்காவே தலைமைக்கு இருக்கட்டும். வேலை நடந்தால் சரி” என்றாள். பீடாதிபதி பெருமூச்சு விட்டுத் தேத்தண்ணீருக்குச் சொன்னார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோசம் தேத்தண்ணீர் வரும்வரைகூட நிற்கவில்லை. அவள் ஒருமுறை மறுத்திருந்தால் நான் வென்றதாக இருந்திருக்கும்.

இருவரும் சேர்ந்து விண்ணப்பத்தை எழுதினோம். ‘பிழைச்ச கதை’ என்று நிதி தருகிறவர்களுக்கு எழுத முடியாது என்று சொல்லி, ‘ஆராய்ச்சித் தவறுகளிலிருந்து கற்பதற்கான வாராந்த அரங்கு’ என்று நான் தலைப்பைத் திருத்தினேன். இப்படிப் போட்டால் ஒருத்தரும் வரமாட்டினம் அக்கா என்றாள். வருவதற்கல்ல, நிதி கிடைப்பதற்கு என்றேன். சரி என்றாள். அவளுடைய இந்தச் ‘சரி’க்கு என்னிடம் ஒருநாளும் மருந்து இருந்ததில்லை.

நேர்முகம் கணினித் திரையில் நடந்தது. நான் நடுவில், அவள் பக்கத்தில். தெரிவுக்குழுவில் இருந்த ஒரு அம்மையார் என்னைப் பார்த்து, போன புதன்கிழமை யாருக்கு என்ன பிழைத்தது என்று கேட்டா. நான் அந்தப் பக்கம் போனதேயில்லை. அரங்கின் நோக்கங்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன், அந்த அம்மையார் நோக்கத்தைக் கேட்கவில்லை.

அவள் குனிந்து ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள். “போன புதன் அக்காவுக்கு விரிவுரை இருந்தது. வராத நாளையில பிள்ளையளைக் கூப்பிட்டு என்ன நடந்ததெண்டு கேக்கிறவா” என்று சொல்லிவிட்டு, யாருடைய தொட்டியில் மீன்குஞ்சுகள் எப்படிச் செத்தன என்பதை விவரமாகச் சொன்னாள். குழுவினர் சிரித்தார்கள், குறிப்பெடுத்தார்கள். நான் ஒருநாளும் ஒரு பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எனக்காகப் பொய் சொல்லக்கூட அவளுக்கு வடிவாக வந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, வயிறு எரிந்ததில் சொல்லவில்லை.

நிதி கிடைத்தது. தொடக்க விழா வைத்தோம். அழைப்பிதழில் ‘தலைமை’ என்று போட்டு என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவளுடைய பெயர் நன்றியுரைக்கு நேரே கடைசியில். மேடையில் வெள்ளைத்துணி போர்த்த கதிரையில் நடுவில் இருந்து, விளக்கேற்றி, மாலை வாங்கி, தலைமையுரையும் ஆற்றினேன். பேராசிரியர் விண்ணப்பத்துக்கு அந்த அழைப்பிதழின் பிரதியையும் எடுத்து வைத்தேன்.

அடுத்து வந்த புதன்கிழமை, திட்டத்தின் தலைவர் என்ற முறையில், முதல் தடவையாக அந்த அறைக்குப் போனேன்.

வாசலுக்குக் கிட்ட வரும்போது உள்ளே ஒரே சிரிப்பு. யாரோ ஒரு பெடியன் குளிர்சாதனப் பெட்டியைப் பூட்ட மறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் உள்ளே காலை வைத்ததும் எல்லாரும் எழும்பி நின்றார்கள். அவன் பாதியில் நிறுத்திவிட்டு, சட்டையை இழுத்து விட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினான். ஒருத்தி ஓடிப்போய்க் கைபிடி வைத்த கதிரை ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். மற்ற எல்லாரும் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

கொஞ்சம் பிந்தி அவள் வந்தாள், கையில் தேத்தண்ணீர்ப் போத்தல். ஒருவரும் எழும்பவில்லை. நூலகத்து அம்மா மட்டும் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் அரக்கி இருந்து இடம் விட்டா. அவள் அந்த இடத்தில் போய் இருந்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு எழும்பி நின்றிருக்கிறார்கள். அப்படி ஒருவர் அரக்கி இருந்து எனக்கு இடம் விட்டதாக நினைவில்லை. அந்த நேரத்தில் அவள்மேல் வந்த பொறாமையைப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மாணவர்களுக்கு முன்னால் ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டாம் என்று முன்பொருமுறை நானே சொல்லியிருந்தேன். அவள் அதை மறக்கவில்லை.

“மேடத்துக்கும் ஏதாவது பிழைச்சிருக்கும்தானே. சொல்லுங்கோவன்.”

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. ஒரு சாக்கு நிறைய இருந்தது.

“எனக்கு ஒண்டும் பிழைக்கேல்லை” என்றேன்.

சொல்லிவிட்டுப் பின்வாங்கைப் பார்த்தேன். அவர்கள் எல்லாருமாகச் சொல்கிற அந்த வசனம் வரும் என்று இருந்தேன். வந்தால் நானும் சிரித்துவிட்டு எதிலிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். பின்வாங்கில் இருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். முன்னால் இருந்த ஒரு மாணவி நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். முதலில் எனக்குத்தான் வந்தது. என்னுடைய கோப்பைக்கு மட்டும் கீழே பீரிசுத் தட்டு வைத்திருந்தார்கள்.