சக்கரம் வைத்த அஞ்சலகம்

எண்ணெய்க் குப்பியும் கையுமாக ஆரின் டட்டில் என்கிற எங்கள் மளிகைக்காரர் தரையில் மண்டியிட்டிருந்தால், வாஷிங்டனில் ஜனாதிபதி மாறப் போகிறார் என்று அர்த்தம். அவர் எண்ணெய் விடுவது கடித அலமாரியின் சக்கரங்களுக்கு. ஆளுயர மரச்சட்டம், வீட்டுக்கொரு பொந்து, அடியில் இரும்புச் சக்கரங்கள். எங்கள் பெல் கிரீக்கில் தபாலாபீஸ் என்றால் இந்த அலமாரிதான். தனிக் கட்டடமெல்லாம் கிடையாது.

ரிபப்ளிகன் ஜனாதிபதி வந்தால் ஆரின்தான் போஸ்ட்மாஸ்டர். அலமாரி அவர் மளிகைக் கடையில் நிற்கும். டெமாக்ரட் வந்தால் எதிர்ச்சாரியில் கஸ் ஹைன்மன் கடைக்குப் போய்விடும். டெமாக்ரட்டான கிளீவ்லண்ட் முதல் தடவை ஜெயித்தபோது ஆறு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய், நடுத்தெருவில் கீழே போட்டு, ஊரார் கடிதங்களைச் சேற்றில் குளிப்பாட்டினார்கள். அதன் பிறகுதான் ஆரின் சக்கரம் பொருத்தினார். நான்கு வருஷம் கழித்து ரிபப்ளிகன் ஹாரிசன் வந்ததும் அது உருண்டு திரும்பி வந்தது. இன்னொரு நான்கு வருஷம் போய், இப்போது மறுபடியும் கிளீவ்லண்ட்.

"அரசாங்க வேலையைப் பரீட்சை வச்சுத்தான் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சே, அது உமக்குக் கிடையாதா?" என்று என் சவரக் கடையில் அவருக்கு முகம் மழிக்கும்போது ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் பட்டணத்துக் குமாஸ்தாவுக்கு. நமக்கு ஒரே பரீட்சைதான். நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு கேப்பாங்க" என்றார்.

அறுபது வயதைத் தாண்டியவர். உள்நாட்டுப் போரில் குண்டு பட்ட இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். அவர் வாயில் வசவு வந்து நான் கேட்டதில்லை. மாவு மூட்டையை எலி கடித்தால்கூட, "அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்பார். அரசியல் மட்டும் விதிவிலக்கு. சாயங்காலமானால் அவரும் கஸ்ஸும் தத்தம் வாசலில் நின்றுகொண்டு தெருவுக்குக் குறுக்கே சண்டை போடுவார்கள்.

"உங்க ஆளு தகரத்துக்கு வரி ஏத்தினாலும் ஏத்தினாரு, பால் வாளி வாங்க நாதியில்ல" என்பார் கஸ்.

"உங்க ஆளு சண்டையில கால் போனவனுக்குப் பென்ஷன் கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டாரே. அது மட்டும் புண்ணியமா?" என்பார் ஆரின்.

இருட்டியதும் ஒரே பலகையில் காய் நகர்த்தி விளையாடுவார்கள்.

தபால் எதிர்க்கடைக்குப் போவதில் ஆரினுக்குப் பெரிய நஷ்டமில்லை. கடிதம் வாங்க வருகிறவர்கள் கஸ்ஸிடம் காப்பிக்கொட்டை வாங்கிவிட்டு, பாலாடைக்கட்டிக்கு ஆரினிடம் வருவார்கள். பிறகு முகம் மழிக்க என்னிடம் வருவார்கள். தெரு பிழைத்துக்கொள்ளும். ஆனால் இந்த முறை மூன்றாவதாக ஒருவர் முளைத்தார். மர ஆலை முதலாளியின் மைத்துனர் லைமன் பெக். அவரும் டெமாக்ரட்தான், கட்சிக்குத் தாராளமாகக் கொடுத்தவர். ஒரு மைலுக்கு அப்பால் ரயிலடியில் புதுக்கடை கட்டி, தபாலாபீஸ் அங்கேதான் வரவேண்டும் என்று கேட்டார். அது நடந்தால் எங்கள் தெருவில் புல் முளைத்துவிடும்.

தபாலாபீஸைத் தமக்கே தரவேண்டும் என்று கஸ் மனு எழுதி, ஊராரிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். ஆரின் தாமாகவே வந்து, பெரிய எழுத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார். கஸ்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யோவ், என்ன காரியம்யா பண்ணினே? ரிபப்ளிகன்காரன் சிபாரிசு பண்ணின ஆளுக்கு எங்க கட்சியில எவன் வேலை குடுப்பான்?" என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று ஆரின் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலை என் கடைக்குள் நுழைந்தார். நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவர், மாவட்ட டெமாக்ரட் தலைவர் ஹோசியா விட்லோ. போஸ்ட்மாஸ்டர் யார் என்று அவர் சொன்னால் வாஷிங்டன் கேட்கும்.

"தலைவரே, தபாலாபீஸை யாருக்கு வேணாலும் குடுங்க. அந்த கஸ்ஸுக்கு மட்டும் குடுத்துடாதீங்க" என்றார் ஆரின், தொப்பியைக் கசக்கியபடி.

நுரைக்கு மேலே தலைவரின் கண் மட்டும் திரும்பியது.

"அவன் ஊறிப்போன டெமாக்ரட். நொண்டி முடம் எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டுப் போய் உங்களுக்கு ஓட்டுப் போட வச்சவன். எங்க கட்சி இங்க தலைதூக்காததுக்கே அவன்தான் காரணம். திமிர் பிடிச்சவன்." அடுத்த வசவைத் தேடினார். பழக்கமில்லாததால் அகப்படவில்லை. "எடையில ஏமாத்தக்கூடத் தெரியாது, பிழைக்கத் தெரியாதவன். பெக்குன்னா பரவாயில்ல. தங்கமான மனுஷன். எங்க ஆளுங்களோட நல்லா ஒத்துப்போவாரு."

தலைவர் வாயோரத்து நுரையைத் தாமே வழித்தெறிந்தார். "பெக் உங்களோட ஒத்துப்போறானா?"

"ரொம்ப நல்லா" என்றார் ஆரின்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரித்திருந்தால் தலைவருக்கு ஒரு காது குறைந்திருக்கும்.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. அப்போதும் ஆரின்தான் போஸ்ட்மாஸ்டர் என்பதால், தபால் பையை அவிழ்த்து, கஸ்ஸின் பேருக்கு வந்த அரசாங்க உறையை அவர் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது. கஸ் பிரித்துப் படித்துவிட்டு, வேலை தமக்குத்தான் என்று தலையாட்டினார். ஆரின் மாவு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். உத்தியோகம் போன மனிதர் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மறுநாள் இருவருமாக அலமாரியைத் தெருவுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் முனகக்கூட இல்லை.

"என்னைத் திமிர் பிடிச்சவன்னு சொன்னியாமே" என்றார் கஸ்.

"சொன்னதுல அது ஒண்ணுதான் வசவு" என்றார் ஆரின்.

கஸ் கடை மூலையில் அதை நிறுத்தியதும், ஆரின் கோட்டுப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து அலமாரியின் தலையில் வைத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

"யோவ், குப்பியை விட்டுட்டுப் போறியே" என்று கஸ் கூப்பிட்டார்.

பாதித் தெருவைத் தாண்டியிருந்த ஆரின் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, நான்கு விரலைக் காட்டிக்கொண்டே போனார்.